ஜனவரியில் திராட்சை

மசக்கைக்காரிக்கு எதன்மேல் ஆசை வரும் என்று யாரால் சொல்ல முடியும்? மாங்காய் கிடைக்காத மாதத்தில்தான் மாங்காய் கேட்பாள். வீட்டிலுள்ளவர்கள் ஊரெல்லாம் அலைவார்கள். இங்கிலீஷ் நாடகம் ஒன்றிலும் இப்படி ஒரு சீமாட்டி வருகிறாள். வான்ஹோல்ட் பிரபுவின் மனைவி, பிள்ளைத்தாய்ச்சி. ஜெர்மனியில் கடுங்குளிர் வாட்டும் ஜனவரி மாதத்தில் அவள் கேட்பது பழுத்த திராட்சை!

அவள் கேட்ட ஆசாமி சாமானியரல்ல. பிசாசையே ஏவலாளாக வைத்திருப்பவர். டாக்டர் பாஸ்டஸ் என்று பெயர். நாடகத்துக்கும் அதே பெயர்தான். எழுதியவர் கிறிஸ்டோபர் மார்லோ. ஷேக்ஸ்பியர் பிறந்த அதே 1564-ல் பிறந்தவர். செருப்புத் தைப்பவரின் மகன். கேம்பிரிட்ஜில் படித்துப் பட்டம் பெற்றவர். தெய்வத்தை இகழ்ந்தவன் நரகத்துக்குப் போன கதை என்று இந்த நாடகத்தைப் பற்றிச் சொல்லுவார்கள். அது பாதி உண்மைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் காட்சியைக் கவனியுங்கள். பாஸ்டஸ் எளிய குடும்பத்தில் பிறந்து, உறவினர் தயவில் படித்து முன்னுக்கு வந்தவர். தர்க்கம், வைத்தியம், சட்டம், வேத சாஸ்திரம் எல்லாம் கரைத்துக் குடித்தாகிவிட்டது. அவருடைய மருந்தினால் ஊர் ஊராகக் கொள்ளை நோயிலிருந்து தப்பியிருக்கின்றன. இதை அவரே சொல்லிக் கொள்கிறார். சொல்லிவிட்டு, "பூ, இவ்வளவுதானா?" என்கிற மாதிரி ஒதுக்கித் தள்ளுகிறார். செத்தவனைப் பிழைக்க வைக்க முடியவில்லையாம்!

லண்டன்வாசிகள் கொள்ளை நோயை நன்றாக அறிந்தவர்கள். 1592-ல் அந்த நோய்க்குப் பயந்து நாடகக் கொட்டகைகளையே மூட வேண்டியிருந்தது. கொட்டகைக்கு வந்த தாய்மார்களில் எத்தனை பேர் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களோ! அவர்கள் காதில் அந்தப் பேச்சு எப்படி விழுந்திருக்கும்?

அவருடைய நாஸ்திகமும் விசித்திரமானது. இருபத்து நான்கு வருஷ சுகத்துக்காகத் தம் இரத்தத்தாலேயே ஆத்மாவை எழுதிக் கொடுக்கிறார். கொடுத்த கையோடு, நரகம் என்பதெல்லாம் கட்டுக்கதை என்கிறார். யாரிடம்? நரகத்திலிருந்து வந்து எதிரே நிற்கும் மெபிஸ்டோபிலிஸிடம்! அந்தப் பிசாசோ, கடவுளின் முகத்தைப் பார்த்திருந்து அதை இழந்ததே தனக்கு நரகம், அது போகுமிடமெல்லாம் கூட வருகிறது என்று ஏற்கெனவே வருத்தத்தோடு சொல்லியிருக்கிறது. மேடையில் இருக்கும் இருவரில் பிசாசுதான் ஆஸ்திகர்!

சரி, அவர் சாதித்தது என்ன? ஜெர்மனியைச் சுற்றிப் பித்தளைச் சுவர் எழுப்புவேன், ரைன் நதியை விட்டன்பர்க் நகரைச் சுற்றி ஓட விடுவேன், மாணவர்களுக்குப் பட்டாடை உடுத்துவேன் என்றெல்லாம் கனவு கண்டவர். கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் நின்று போப்பாண்டவர் காதில் ஓர் அறை கொடுக்கிறார். குதிரை வியாபாரியிடம் நாற்பது காசுக்கு விற்ற குதிரை, தண்ணீரில் இறங்கியதும் வைக்கோலாகிவிடுகிறது. இது தெருக்கோடி வித்தைக்காரன் வேலை அல்லவா?

இந்த அழகில் அந்தத் திராட்சை ஒன்றுதான் இன்னொருவருக்கு உபகாரமாகிறது. சீமாட்டி வாயில் போட்டுப் பார்த்து, இவ்வளவு ருசியான பழத்தைத் தின்றதேயில்லை என்கிறாள். எப்படிக் கிடைத்தது என்று பிரபு கேட்க, இங்கே குளிர்காலமென்றால் உலகின் மறுபாதியில் கோடைகாலம் என்று பாஸ்டஸ் விளக்குகிறார். உதாரணத்துக்கு நம் இந்தியாவைக் குறிப்பிடுகிறார்! பூகோளத்தில் மார்லோவுக்கு மார்க்கைக் குறைத்துத்தான் போட வேண்டும். இந்தியாவும் பூமத்திய ரேகைக்கு வடக்கேதான் இருக்கிறது. ஆனால் யோசனை சரியானதுதான். இன்று சிலியிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் குளிர்சாதனக் கப்பலேறி ஜனவரியிலேயே ஐரோப்பாவுக்குத் திராட்சை வந்து இறங்குகிறது. அதற்காக யாரும் ஆத்மாவை அடமானம் வைப்பதில்லை.

மார்லோவையே நாஸ்திகர் என்றார்கள். 1593 மே மாதம் தாமஸ் கிட் என்ற நாடகாசிரியரின் அறையில் ஏசுவின் தெய்வத்தன்மையை மறுக்கும் காகிதங்கள் அகப்பட்டன. சித்திரவதைக்குள்ளான கிட், அவை மார்லோவினுடையவை என்றார். மார்லோவுக்கு அழைப்பாணை போயிற்று. விசாரணை முடியவில்லை, மே 30-ந் தேதி டெட்போர்டில் சாப்பாட்டுக் கணக்கில் எழுந்த சண்டையில் கத்திக்குத்துப் பட்டு இறந்தார். வயது இருபத்தொன்பது. அவர் மனத்தில் என்ன இருந்ததோ, நமக்குக் கிடைப்பது குற்றம் சாட்டியவர்களின் வாய்மொழிதான்.

நாடகம் அச்சானது 1604-ல். 1616-ல் வந்த பதிப்பில் கூடுதலாக ஒரு காட்சி இருக்கிறது. கெடு முடிந்த இரவுக்கு மறுநாள் காலையில் மாணவர்கள் ஆசிரியரின் அறைக்கு வருகிறார்கள். சிதறிக் கிடக்கும் அங்கங்களைப் பார்க்கிறார்கள். அவர் போன இடம் எதுவென்று அவர்களுக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும், ஒரு காலத்தில் ஜெர்மனியே வியந்த கல்விமான் என்பதற்காக, அந்த உடலை முறைப்படி அடக்கம் செய்யவும், எல்லா மாணவர்களும் கறுப்புடை உடுத்திக் கூடவே நடந்து போகவும் தீர்மானிக்கிறார்கள்.