அவளைக் கேட்டவர் யார்?



சென்ற ஞாயிறு மாலை, கிளிநொச்சியில் எங்கள் அயல்வீட்டுத் தங்கை ஒருத்தியும் நானும் தொலைக்காட்சியில் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' பார்த்தோம். 1962ஆம் ஆண்டில் ஸ்ரீதர் எழுதி இயக்கிய படம். எத்தனை முறை பார்த்தாலும் நெஞ்சை விட்டகலாத கதை அது.

புற்றுநோயால் வருந்தும் கணவன் வேணுவை வைத்தியசாலைக்கு அழைத்து வருகிறாள் சீதா. அங்கே அவனைக் காக்க வேண்டிய வைத்தியர் முரளியோ, ஒருகாலத்தில் அவள் காதலித்தவர். கணவன் இதனை அறிகிறான். அறிந்தும் சினந்தானில்லை. தான் இறந்துபோனால் அவ்வைத்தியரையே அவள் மணந்துகொள்ள வேண்டும் என்கிறான்! சீதாவின் உள்ளம் புண்படுகிறது. முடிவிலே முரளி வேணுவைப் பிழைக்க வைத்துவிட்டுத் தம்முயிரை நீக்கிறார். முத்துராமன், தேவிகா, கல்யாண்குமார் மூவரும் கண்களைக் குளமாக்கிவிட்டனர். மறு ஆண்டே ஸ்ரீதர் இக்கதையை இந்தியிலும் படமாக்கினார்.

"எவ்வளவு பெருந்தன்மையான கணவன்!" என்றேன் நான்.

"எல்லாஞ் சரிதான் அக்கா. அவள் விருப்பம் என்னவென்று அவர் ஒரு வார்த்தை கேட்டாரா?" என்றாள் தங்கை.

நான் வாயடைத்துப் போனேன். 1959இல் வந்த 'கல்யாணப் பரிசு' நினைவுக்கு வந்தது. தன் காதலனை அக்காளுக்காக விட்டுக்கொடுக்கிறாள் வசந்தி. அக்காளோ உண்மையறியாமலே மணமேடை ஏறுகிறாள். தியாகந்தான், ஆயினும் மூவர் வாழ்வும் அதனாலன்றோ குலைந்தது? முதற்காதல் இல்லறத்தைக் குலைப்பதில்லை. ஒருவர் மனத்தை மற்றவர் கேளாமலே தீர்ப்பெழுதுவதுதான் குலைக்கிறது.

தங்கை அவ்வாறு கேட்டதற்குக் காரணமுண்டு. 2009 மே மாதத்திற்குப் பின் அவள் கணவர் வீடு திரும்பவில்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017 பெப்ரவரி 20இல் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் அவளும் அமர்ந்திருந்தாள். காணாமற்போனவர் என்று சான்றுப்பத்திரம் வழங்க 2016ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. ஆனால் அவள் மனைவியா, கைம்பெண்ணா என்பதற்கு எந்தக் கந்தோரிலே பத்திரம் எழுதுவார்கள்?

"பொட்டை அழிக்காதே, அவர் வருவார்" என்பார் ஒருவர். "எத்தனை காலம் தனித்திருப்பாய்? இன்னொருவரைப் பார்" என்பார் மற்றொருவர். இருவரும் நல்லவர்களே. வேணுவும் நல்லவன்தானே! கேட்கத்தான் எவருமில்லை.

அன்று நான் கேட்டேன். மறுமொழி சொல்ல அவளுக்கு நெடுநேரம் பிடித்தது. அம்மறுமொழியை இங்கே எழுதேன், அது அவளுடையது.

வன்னியிலே அவளைப் போன்றோர் வாழும் ஊர்கள் பல. அடுத்தமுறை அத்தகைய வீடொன்றின் படியேறும்போது, செருப்போடு புத்திமதியையும் வாசலிலே கழற்றி வையுங்கள். "உன் மனம் என்ன சொல்கிறது, பிள்ளை?" என்று கேளுங்கள். கேட்டபின், அவள் வாய் திறக்குமட்டும் பொறுத்திருங்கள்.