தேடு, மணி, தேடு!

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், தாய்மார்களுக்குத் திண்டாட்டம். வீட்டில் நாயும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்! குழந்தைகள் நாயைத் துரத்துவார்கள். நாய் குழந்தைகளைத் துரத்தும். நடுவே காப்பித் தம்ளரோடு வரும் பாட்டியின் பாடுதான் பரிதாபம். கடைசியில், "அந்தச் சனியனைக் கட்டிப் போடுங்களடா!" என்று சமையலறையிலிருந்து உத்தரவு பிறக்கும். கட்டிப் போட்ட நாய் சாயங்காலம் வரை குரைத்துத் தீர்க்கும்.

துரத்துகிற விளையாட்டை விட்டுவிட்டுத் தேடுகிற விளையாட்டைச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். உயர்ந்த ஜாதி நாயாக இருக்கவேண்டும் என்பதில்லை. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கண்ணால் கண்டு ஓடி வேட்டையாடும் ஜாதிகள் என்று பெயரெடுத்தவை. அவற்றுக்கும் மூக்கு உண்டு. தெருவிலிருந்து எடுத்து வளர்த்த மணிக்கோ கேட்கவே வேண்டாம், அடுத்த வீட்டில் என்ன சமையல் என்று நமக்கு முன்பே தெரிந்துவிடும்! வாசனையை உணரும் செல்கள் நம் மூக்கில் சுமார் 50 லட்சம் என்றால், நாயின் மூக்கில் 10 கோடிக்கு மேல். கண் விஷயத்தில் மட்டும் நாம் கெட்டிக்காரர்கள். நாய்க்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒன்றுதான். புல்லில் விழுந்த சிவப்புப் பந்தை மணி தாண்டிப் போனால், "மக்கு!" என்று வையாதீர்கள்.

முதல் பாடம் மிகச் சுலபம். பெரியவர் ஒருவர் நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொள்ளட்டும். அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குழந்தை போய், கதவுக்குப் பின்னால் ஒரு தின்பண்டத்தை வைத்துவிட்டு வரட்டும். "தேடு!" என்று ஒரே ஒரு தடவை சொல்லி விட்டுவிடுங்கள். ஏழெட்டுத் தடவை ஆனபிறகு, நாய் பார்க்காதபோது ஒளித்துவையுங்கள். வார்த்தை மட்டும் ஒன்றாக இருக்கவேண்டும். அண்ணன் "தேடு" என்று சொல்ல, தங்கை "எடு" என்று சொல்ல, பாட்டி "கொண்டாடா" என்று சொன்னால், மணி என்ன செய்வான், பாவம்!

இதில் குழந்தைகளுக்குத்தான் சிரமம் அதிகம். "அதோ, அங்கே!" என்று விரலை நீட்டாமல் அவர்களால் இருக்க முடியாது. நீட்டினால் நாய் மூக்கை மறந்துவிட்டு விரலைப் பார்க்க ஆரம்பித்துவிடும். கையைக் கட்டிக்கொண்டு வாய் பேசாமல் இரண்டு நிமிஷம் நிற்கவேண்டும். வகுப்பில் வாத்தியாரால் முடியாததை மணி சாதித்துவிடுகிறான்!

தின்பண்டம் எது என்பதில் ஜாக்கிரதை வேண்டும். உப்பும் காரமும் இல்லாமல் வேகவைத்த காரட் துண்டு, கோழித் துண்டு, ஒரு விள்ளல் இட்லி, எதுவானாலும் சரி. சாக்லேட், வெங்காயம், திராட்சை கூடவே கூடாது. பாயசத்துக்கு வாங்கிவைத்த கிஸ்மிஸ் நாயின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடக்கூடும். குழந்தை ஆசையோடு தன் சாக்லேட்டில் பாதியைக் கொடுக்கத்தான் பார்க்கும். அதற்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அடுத்தது, பண்டத்துக்குப் பதிலாகக் குழந்தையே ஒளிந்துகொள்வது. நாய் பார்க்க ஓடிப்போய்த் திரைக்குப் பின்னால் நிற்கவேண்டும், நாய் வந்து கண்டுபிடித்ததும், "சபாஷ்!" என்று கொண்டாட வேண்டும். இடிபாடுகளிலும் காடுகளிலும் காணாமற்போனவர்களைத் தேடும் நாய்களுக்கும் இந்தக் கண்ணாமூச்சிதான் ஆரம்பப் பாடம். ஆனால் பீரோ, டிரங்குப் பெட்டி, பழைய குளிர்சாதனப் பெட்டி இவற்றுக்குள் ஒளியவே கூடாது. மூடிக்கொண்டால் மூச்சுத் திணறிவிடும்.

பொருள்களின் பெயரைச் சொல்லித் தேடச் செய்வது மூன்றாவது. அமெரிக்காவில் தென் கரோலினா மாகாணத்தில் ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற மனோதத்துவப் பேராசிரியர், சேஸர் என்ற தம் வீட்டு நாய்க்கு மூன்று வருஷத்தில் 1,022 விளையாட்டுச் சாமான்களின் பெயரைக் கற்றுக் கொடுத்தார். 2011-ல் அந்த ஆராய்ச்சி விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்தது. ஒரு சமயத்தில் ஒரே சாமான், அதைக் காட்டிப் பெயரைப் பலமுறை சொல்வது, பிறகு தேடச் செய்வது, இதுதான் முறை. பரிசு தின்பண்டம் அல்ல, விளையாட்டும் தட்டிக்கொடுத்தலும்தான். வேடிக்கை என்னவென்றால், பேராசிரியருக்குத்தான் பெயர்கள் மறந்துபோய், ஒவ்வொரு பொம்மையின் மேலும் மையினால் எழுதிவைத்துக் கொண்டார்! நமக்கு ஆயிரம் வேண்டாம். பந்து, செருப்பு, பொம்மை என்று மூன்று போதும். செருப்பு தெரிந்துவிட்டால் அப்பாவுக்கும் பிரயோஜனம் உண்டு.

இனி, தாய்மார்கள் கவனிக்கவேண்டிய முக்கியமான விஷயம். பரம சாதுவான வீட்டு நாய்கூட, வாயில் இருப்பதைப் பிடுங்கினால் கடித்துவிடலாம். ஆகையால் கண்டெடுத்த பொருளைக் குழந்தை பிடுங்கக் கூடாது. வேறொன்றைக் காட்டி மாற்றிக்கொள்ள வேண்டும். நாய் தின்னும்போது யாரும் பக்கத்தில் போகவேண்டாம். அது உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாலும், உடம்பை விறைத்து நின்றாலும், "போதும், என்னை விடு" என்று அர்த்தம். இதைக் குழந்தைக்கு அடையாளம் காட்டிக் கொடுங்கள். 'தேடு' என்ற பாடத்தைவிட இது அவசியமானது. பெரியவர் ஒருவர் கூடவே இருக்கவேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாயாகவே இருந்தாலும், பல் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போகத்தான் வேண்டும். மஞ்சள் தடவிக்கொண்டு உட்காரக் கூடாது.

மொட்டை மாடியில் விளையாடுவதானால் வெயில் தாழட்டும்; உங்கள் கால் சுட்டால் அதன் காலும் சுடும். ஐந்து நிமிஷம், மிஞ்சினால் பத்து நிமிஷம். "இன்னும் ஒரு தடவை" என்று மணி வாலை ஆட்டும்போதே நிறுத்திவிட்டு, பந்தை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். கொஞ்ச நேரம் பீரோவின் முன்னால் காவல் உட்கார்ந்திருந்துவிட்டு அங்கேயே தூங்கிப் போவான். காப்பிக்குத் தண்ணீர் வைக்க அதுதான் சமயம்.