ஓட்டு ஒன்றுதான்... எண்ணும் விதம்தான் வேறு!

பிரிட்டனில் உள்ள வெயிட்ரோஸ் சூப்பர் மார்க்கெட்டில் 2008-ல் ஒரு பழக்கம் தொடங்கியது. அப்போதெல்லாம் பில் போட்டு முடித்ததும் கேஷியர் ஒரு பச்சை டோக்கனைக் கையில் கொடுப்பார். வாசல் பக்கம் மூன்று பெட்டிகள் இருக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் அந்த ஊரில் இயங்கும் ஓர் அமைப்பின் பெயர். முதியோருக்குச் சாப்பாடு கொடுப்பவர்களாக இருக்கலாம். குழந்தைகளுக்கு விளையாட்டு சொல்லித் தருபவர்களாக இருக்கலாம். மனதுக்குப் பிடித்த பெட்டியில் டோக்கனைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். மாதக் கடைசியில் டோக்கன்களை எண்ணுவார்கள். அந்தக் கிளை ஒதுக்கிய நன்கொடை, டோக்கன் கணக்குப்படி மூன்றாகப் பிரியும். பாதி டோக்கன் வாங்கியவருக்குப் பாதிப் பணம். கால்வாசி வாங்கியவருக்குக் கால்வாசி.

அதே நாட்டில் டெஸ்கோ கடைகளில் நீல டோக்கன். 2015 அக்டோபரில் இங்கிலாந்தில் பிளாஸ்டிக் பைக்கு 5 பென்ஸ் கட்டணம் வந்தது. அப்படிச் சேர்ந்த பைக்காசுதான் ஊர் வேலைகளுக்கு மானியமாகப் போக ஆரம்பித்தது. இங்கே கணக்கு வேறு. அதிக டோக்கன் வாங்கிய அமைப்புக்குப் பெரிய தொகை, அடுத்ததற்கு நடுத்தரத் தொகை, மூன்றாவதற்குச் சிறிய தொகை. ஒரே ஒரு டோக்கன் வித்தியாசத்தில் முந்தினாலும் பெரிய தொகை முதலிடத்துக்குத்தான்.

மூன்றாவதாக ஒரு முறை. அந்நாட்டு லாட்டரி நிதியும் ஐ.டி.வி. தொலைக்காட்சியும் சேர்ந்து நடத்திய போட்டி அது. ஒவ்வொரு பகுதியிலும் சில சேவைத் திட்டங்களை டி.வி.யில் காட்டுவார்கள். மக்கள் ஓட்டுப் போடுவார்கள். அதிக ஓட்டு வாங்கிய திட்டங்களுக்குப் பணம். மற்றவற்றுக்கு அந்தப் போட்டியில் ஒன்றும் இல்லை.

மூன்று இடத்திலும் மக்கள் செய்வது ஒரே வேலைதான். பிடித்ததைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால், கடைசி இடத்துக்கு வரும் அமைப்பின் கதி மூன்று விதமாக மாறுகிறது. அதை முடிவு செய்வது ஓட்டுப் போட்டவர்கள் இல்லை. எண்ணும் விதியை எழுதியவர்கள்.

கூட்டம் உள்ளவருக்கே கொடையா?

'எங்களுக்கு ஓட்டுப் போடுங்க' என்று வாட்ஸ்அப்பில் லிங்க் வந்தால் என்ன செய்வோம்? தெரிந்தவர் அனுப்பியது என்றால் உடனே தட்டிவிடுவோம். எதிரே போட்டியில் இருப்பது யார், அவர்களுக்கு என்ன தேவை என்று பார்ப்பவர்கள் குறைவு. அதனால் இதுபோன்ற ஓட்டெடுப்பில் ஆயிரம் உறுப்பினர் உள்ள விளையாட்டு கிளப் சுலபமாக முந்திவிடும். காது கேளாத இருபது குழந்தைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் அமைப்பு எத்தனை நல்ல வேலை செய்தாலும் பின்தங்கும். அந்தக் குழந்தைகளின் வீட்டார் எல்லோரும் ஓட்டுப் போட்டாலும் நூறு தாண்டாது.

அப்படியானால் மக்களிடம் கேட்கவே வேண்டாமா? கேட்கத்தான் வேண்டும். எப்படிக் கேட்பது என்பதில்தான் சில ஊர்கள் யோசித்திருக்கின்றன.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் இதில் முன்னோடி. 1989-ல் அங்கே ஆட்சிக்கு வந்த தொழிலாளர் கட்சி நிர்வாகம், நகரத்தின் புதிய பணிகளுக்கான பணத்தை எங்கே செலவிடுவது என்று மக்களையே கூட்டிக் கேட்டது. நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். அந்தந்தப் பகுதி மக்கள் கூடி, சாலையா, பள்ளியா, சாக்கடையா என்று வரிசைப்படுத்தினார்கள். ஆனால் வந்த கூட்டத்தின் தலையை மட்டும் எண்ணிப் பணம் பிரிக்கவில்லை. அந்தப் பகுதியின் மக்கள்தொகை என்ன, அங்கே என்ன வசதி குறைகிறது என்பதற்கும் புள்ளி கொடுத்தார்கள். சாக்கடை வசதி இல்லாத பகுதிக்குக் கூடுதல் புள்ளி. உலக வங்கியின் கணக்குப்படி, குடிநீர், கழிவுநீர் இணைப்பு உள்ள வீடுகள் 1988-ல் 75 சதவிகிதம். 1997-ல் 98 சதவிகிதம். இதற்கு இந்த முறை ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் குழாய் இல்லாத வீடுகள் வரிசையில் முன்னால் வர இது வழிசெய்தது.

பாரிஸ் மாநகராட்சி 2014-ல் இதேபோல ஓட்டெடுப்பைத் தொடங்கியது. நகரத்தின் முதலீட்டுச் செலவில் சுமார் 5 சதவிகிதம் மக்கள் ஓட்டுப்படி போக வேண்டும் என்று வைத்தார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை இல்லாதவர்களும் ஓட்டுப் போடலாம். லா சப்பல் பகுதியில் கடை வைத்திருக்கும் ஈழத்தமிழர் ஒருவர், பாரிஸில் குடியிருந்தால் போதும், பாஸ்போர்ட் எந்த நாடாக இருந்தாலும் தன் தெருவுக்கு என்ன வேண்டும் என்று சொல்லலாம். ஆன்லைன் மட்டுமல்ல, காகித ஓட்டுக்கும் பெட்டி வைத்தார்கள். இன்னொன்றும் செய்தார்கள். 2016-ல் இருந்த 10 கோடி யூரோவில் 3 கோடியை எளிய மக்கள் வாழும் பகுதிகளுக்கென்றே தனியாக ஒதுக்கினார்கள். வசதியான பகுதிக்காரர்கள் எத்தனை ஓட்டுப் போட்டாலும் அந்தப் பங்கைத் தொட முடியாது.

ஆளுக்கு ஒரு பங்கு

இதையெல்லாம் தாண்டி, எண்ணும் கணக்கையே மாற்றினால் என்ன என்று யோசித்தவர்கள் டொமினிக் பீட்டர்ஸ், பியோத்தர் ஸ்கோவ்ரோன் என்ற இரண்டு ஆய்வாளர்கள். அவர்கள் சொன்ன முறைக்கு 'சம பங்கு' என்று பெயர் வைக்கலாம். கேட்கப் பெரிதாக இருந்தாலும் வீட்டுக் கணக்குதான்.

பத்து வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பு. கையில் 10,000 ரூபாய். வாசல் விளக்குக்கு 6,000 ரூபாய் ஆகும். ஆறு வீடுகள் ஓட்டுப் போட்டன. உட்காரும் பெஞ்சுக்கு 4,000. அதே ஆறில் ஐந்து வீடுகள் அதற்கும் ஓட்டுப் போட்டன. குழந்தைகளுக்குச் சறுக்குமரம், அதற்கும் 4,000. மீதமுள்ள நான்கு வீடுகளின் ஓட்டு. வழக்கமான கணக்கில் விளக்கும் பெஞ்சும் ஜெயிக்கும். பணம் தீர்ந்துவிடும். நான்கு வீடுகளுக்கு ஒன்றுமே இல்லை.

சம பங்கு முறையில், பணத்தை முதலிலேயே வீட்டுக்கு 1,000 என்று மனக்கணக்காகப் பிரித்துவிடுவார்கள். விளக்குக்கு ஆறு வீட்டுப் பங்கு போனது, விளக்கு வந்துவிட்டது. அடுத்து பெஞ்சு கேட்க அந்த வீடுகளிடம் பங்கு மிச்சமில்லை. நான்கு வீட்டுப் பங்கு அப்படியே இருக்கிறது; சறுக்குமரமும் வந்துவிட்டது. பெரும்பான்மையின் முதல் ஆசை நிறைவேறியது. சிறிய கூட்டமும் வெறுங்கையோடு போகவில்லை.

இது ஏட்டோடு நிற்கவில்லை. உப்புச் சுரங்கத்துக்குப் பேர்போன போலந்தின் வியேலிச்கா நகரம் 2023-ல் இந்த முறையைப் பயன்படுத்தியது. அதே வருடம் சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரமும் 50,000 பிராங்க் பணத்தை இப்படியே பிரித்தது. ஆராவில் 33 யோசனைகள் போட்டியிட்டன, 17 ஜெயித்தன. வழக்கம்போல எண்ணியிருந்தால் 7 மட்டுமே தேறியிருக்கும். ஓட்டுகள் அதே ஓட்டுகள். பணம் அதே பணம்.

குறை இல்லாமல் இல்லை. பல சின்ன வேலைகளுக்குப் பணம் பிரிந்தால், ஒரே பெரிய வேலைக்கு மிச்சம் இருக்காது. ஊருக்கு ஒரு நீச்சல்குளம்தான் அவசரம் என்றால் இந்த முறை கைகொடுக்காமல் போகலாம். கணக்கைப் புரியவைக்கவும் மெனக்கெட வேண்டும். புரியாத கணக்கில் தோற்றவருக்குச் சந்தேகம் வருவது இயல்புதானே!

அதனால், அடுத்த முறை சங்கத்திலோ, குடியிருப்பிலோ, பள்ளி பெற்றோர் கூட்டத்திலோ 'ஓட்டெடுத்து முடிவு செய்யலாம்' என்று யாராவது சொன்னால், ஓட்டுப் போடுவதற்கு முன்பே மூன்று கேள்விகள் கேட்கலாம். யாரெல்லாம் ஓட்டுப் போடலாம்? போன் இல்லாத பெரியவர்களுக்கு வழி உண்டா? தோற்றவர்களுக்கு ஏதாவது பங்கு இருக்கிறதா? ஓட்டு எண்ணிய பிறகு கேட்டால் அது சண்டை. முன்னால் கேட்டால் அது யோசனை.

ஆராவ்காரர்கள் இன்னொரு சின்ன விதியும் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் 10 புள்ளிகள். குறைந்தது மூன்று திட்டங்களுக்காவது பிரித்துக் கொடுக்க வேண்டும். தன் பிள்ளை படிக்கும் இடத்துக்கு அள்ளிக் கொடுத்த பிறகும், பக்கத்துத் தெருக்காரர் என்ன கேட்கிறார் என்று எல்லோரும் ஒருமுறை படித்துப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது.