பட்டியலில் இல்லாத யதீம்கள்

சமுதாயத்தின் இளைஞர்களே! வணிகப் பெருமக்களே!

2004 டிசம்பர் 26 அன்று குளச்சலையும் கொட்டில்பாட்டையும் மணக்குடியையும் கடல் வாரிச் சுருட்டியது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தது. கடலுக்குப் போன எத்தனையோ தந்தையர் கரை திரும்பவில்லை. பிறகு கொரோனா வீடு வீடாக நுழைந்தது. அந்த நாட்களிலெல்லாம் குமரி மாவட்டமே எழுந்து நின்றது. சாதி பார்க்கவில்லை, மதம் பார்க்கவில்லை. அரசும் கணக்கெடுத்தது. கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தையின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்பு, ஒருவரை இழந்த குழந்தைக்கு 3 லட்சம் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்து வழங்கியது.

இதெல்லாம் நல்லதுதான். ஆனால் ஒரு கேள்வி!

சவூதியில் சாரம் சரிந்து விழுந்து இறந்தாரே ஒரு தந்தை, அவருடைய பிள்ளை எந்தப் பட்டியலில் இருக்கிறது? பைக்கில் போய் லாரியில் அடிபட்டவரின் பிள்ளை? சிறுநீரகம் செயலிழந்து, டயாலிசிஸுக்கு வீட்டையும் விற்றுவிட்டுக் கண்மூடியவரின் பிள்ளை? மனைவியையும் மக்களையும் விட்டுவிட்டுப் போனவன் போனவன்தான் என்று ஆகிவிட்ட வீட்டின் பிள்ளை?

பேரிடரில் இறந்தால் கணக்கு எடுக்கிறார்கள். ஒற்றை ஒற்றையாக இறந்தால் யாரும் கணக்கு எடுப்பதில்லை. யதீமின் பசிக்கு இந்த வேறுபாடு தெரியுமா?

இந்தப் பிள்ளைகளுக்கு அரசிடம் எதுவும் இல்லை என்று எண்ணாதீர்கள். மத்திய அரசு 2022இல் நெறிமுறை வெளியிட்ட 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. விதவையின் பிள்ளை, கணவனால் கைவிடப்பட்டவரின் பிள்ளை, உறவினர் வீட்டில் வளரும் அனாதைப் பிள்ளை, பெற்றோர் கொடிய நோயில் கிடக்கும் பிள்ளை ஆகியோர் இதற்குத் தகுதி உடையவர்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் 'அன்புக்கரங்கள்' திட்டத்தைத் தமிழக அரசு 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது.

மாதம் 4,000 என்றால் ஆண்டுக்கு 48,000. நாம் நோன்புப் பெருநாளுக்குக் கொடுக்கும் ஓர் அரிசிப் பையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அரிசிப் பை கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு நம் கடமை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள் என்கிறோம்.

பணம் ஏன் போய்ச் சேரவில்லை? கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை! இறப்புச் சான்று, வருமானச் சான்று, ஆதார், பள்ளியில் படிக்கும் சான்று, வங்கிக் கணக்கு, எல்லாம் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று ஏறி இறங்கி, கடைசியில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போக வேண்டும். தேங்காய்ப்பட்டணத்திலோ திருவிதாங்கோட்டிலோ இருக்கும் ஒரு விதவைத் தாய் இத்தனை படிகளையும் தனியாக ஏறுவாரா?

இன்னொன்றையும் யோசியுங்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்யச் சொல்கிறது சட்டம். இத்தாவோ நான்கு மாதம் பத்து நாள். வீட்டில் வேறு ஆண் துணை இல்லையென்றால் அந்தப் பதிவை யார் செய்வது? ஓராண்டு கடந்துவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரை அலைய வேண்டும். வளைகுடா நாடுகளுக்குக் குடியேற்ற அனுமதி பெற்று வேலைக்குப் போனவர், காப்பீட்டுக் காலத்தில் விபத்தில் இறந்தால் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் 10 லட்சம் ரூபாய் உண்டு. பெட்டியில் கிடக்கும் அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்துக் கொடுப்பவர் யார்?

இளைஞர்களே! நம் மஹல்லாவில் ஒரு மவுத் நடந்தால் ஒரு மணி நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொல்லிவிடுகிறது. கப்று வெட்ட ஓடுகிறோம், ஜனாஸாவைத் தோள் மாற்றித் தூக்குகிறோம். அந்தத் தோள் மறுநாளும் வேண்டும். ஒவ்வொரு ஜமாஅத்திலும் நான்கு பேர் போதும். தந்தையை இழந்த, கைவிடப்பட்ட பிள்ளைகளின் பட்டியலை ஜமாஅத் நிர்வாகிகளோடு உட்கார்ந்து தயாரியுங்கள். வாரத்தில் ஒரு பொழுது ஒதுக்குங்கள். விண்ணப்பம் எழுதுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், மாதம் ஒருமுறை போய்க் கேளுங்கள். கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஒதுக்கீட்டைப் பார்த்து, ஒப்புதல் குழுதான் முடிவு செய்யும். அடுத்த தெருவில் மீனவர் வீட்டுப் பிள்ளை இருந்தால் அதற்கும் சேர்த்தே எழுதுங்கள். கடல் ஆளைப் பார்த்தா கொண்டு போனது?

வணிகர்களே! உங்களிடம் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. "பாவம், வாப்பா இல்லாத பையன்" என்று இரக்கப்பட்டு, பள்ளிக்கூடம் போக வேண்டியவனைக் கடையில் நிறுத்துகிறோம். அது இரக்கம் அல்ல! 14 வயதுக்குக் குறைந்த பிறர் பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக்கூடாது என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. மீறினால் ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறையோ, 20,000 முதல் 50,000 வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். சட்டத்தை விடுங்கள். பள்ளியை விட்டு நின்றவனுக்கு அந்த 4,000 ரூபாயும் கைவிட்டுப் போகலாம். நீங்கள் தரும் கூலி அவனுடைய படிப்புக்கு ஈடாகுமா? அவனை வகுப்பில் உட்கார வையுங்கள். அவன் தாய் அலுவலகம் போகும் நாளில் பஸ் செலவையும் ஜெராக்ஸ் செலவையும் உங்கள் கடை ஏற்கட்டும். இந்தப் பணிக்குப் போகும் உங்கள் கடை ஊழியருக்குச் சம்பளம் பிடிக்காமல் அரை நாள் விடுப்புக் கொடுங்கள்.

யதீமை மேடையில் ஏற்றி, கையில் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, போட்டோ எடுத்து, ஊர் முழுக்கப் பரப்பும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அதை இன்றோடு நிறுத்துவோம்! பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயரையும் படத்தையும் ஊடகத்தில் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது. வகுப்பில் நண்பர்கள் நடுவே அந்தப் பிள்ளை தலை நிமிர்ந்து உட்கார வேண்டாமா? அதேபோல, பதிவு பெறாத விடுதிகளில் பிள்ளைகளைக் கொண்டு சேர்க்காதீர்கள். தாயிடமிருந்து பிரிக்காமல் வளர்க்கத்தானே இந்த நிதி? விடுதி கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். அடி உதை, கொடுமை என்று கேள்விப்பட்டால் பஞ்சாயத்துப் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 1098க்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

நம் பகுதிக்கு என்ன செய்தார்கள் என்று அரசைக் கேட்பது நம் உரிமை. கேட்போம்! ஆனால் ஒதுக்கிய பணத்தை உரியவரின் வாசல் வரை கொண்டு வந்து சேர்ப்பது நம் பொறுப்பு. வருகிற ஜும்ஆ முடிந்ததும் கலைந்து போகாதீர்கள். நான்கு பேர் உட்காருங்கள், ஒரு நோட்டை எடுங்கள், முதல் பெயரை எழுதுங்கள்.