பத்துத் தடவை கேட்டால் பிடிக்குமாம்

ரஹ்மான் ஆல்பம் வெளியான மறுநாள் யாரிடமாவது "எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "இப்பதான் ரெண்டு தடவை கேட்டேன். ரஹ்மான் பாட்டு உடனே பிடிக்காது சார், கேக்கக் கேக்கத்தான் பிடிக்கும்" என்று பதில் வரும். 'ஸ்லோ பாய்சன்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். ரசிகர் இதைப் பாராட்டாகச் சொல்கிறார். பாட்டு பிடிக்காதவர், எதற்கு வம்பு என்று நழுவுவதற்குச் சொல்கிறார். இரண்டு தரப்புக்கும் தோதான பேச்சு என்பதால் முப்பது வருஷமாக மறுக்க ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இது சோம்பேறிப் பேச்சு. போதாக்குறைக்குப் பொய்யும்கூட.

1992 ஆகஸ்டில் 'ரோஜா' வந்தது. 'சின்னச் சின்ன ஆசை' பிடிப்பதற்கு யாருக்குப் பத்துத் தடவை தேவைப்பட்டது? மின்மினி குரலெடுத்த நிமிஷமே பிடித்துப்போனது என்று சொல்லாத ஆளை நான் பார்த்ததில்லை. அந்த ஆண்டுக்கான தேசிய விருது, முதல் படம் செய்த அந்த இளைஞரைத் தேடிப் போனது. அடுத்த வருஷம் 'ஜென்டில்மேன்', அதற்கடுத்த வருஷம் 'காதலன்'. 'சிக்கு புக்கு ரயிலே'யும் 'முக்காலா'வும் ஊறி ஊறித்தான் பிடித்தன என்று கல்யாண வீட்டில் ரேடியோ செட் போட்டவர் எவரிடமாவது சொல்லுங்கள், சிரிப்பார். இதெல்லாம் ஸ்லோ பாய்சன் என்றால் ஃபாஸ்ட் எது?

இன்னொன்றையும் வசதியாக மறந்துவிடுகிறோம். சினிமாவுக்கு வருமுன் அவர் பிழைப்பு விளம்பர இசை. லியோ காபி விளம்பரத்தின் மெட்டு அப்போது தூர்தர்ஷன் பார்த்தவர்களுக்கு இன்றும் நினைவிருக்கும். விளம்பரத்தில் மெட்டுக்கு அரை நிமிஷம்தான் அவகாசம். அதற்குள் அடுப்படியில் இருப்பவரைக் கூடத்துக்கு இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் போட்ட காசு வீண். அந்தத் தொழிலில் தேறி வந்தவருக்கு உடனே பிடிக்கிற மாதிரி மெட்டுப் போட வராது என்று நாம் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, இந்தப் பேச்சு எங்கிருந்து முளைத்தது? எனக்குத் தோன்றுவது, கேசட்டிலிருந்துதான். பட்டனை அழுத்தினால் அடுத்த பாட்டு வராது. ஃபார்வர்டு ஓட்டி, நிறுத்தி, தாண்டிப்போய், திரும்ப ரீவைண்டு செய்து, அதற்குள் மின்சாரம் போய்விடும். டேப் சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்ற வேண்டும். அதனால் ஏ பக்கம் முழுக்க ஓடும், திருப்பிப் போட்டால் பி பக்கம் முழுக்க ஓடும். பிடித்த இரண்டு பாட்டுக்காகப் பிடிக்காத மூன்றையும் சேர்த்தே கேட்டோம். படம் வருவதற்கு வெகு முன்பே பாட்டு வந்துவிடும் காலம் அது. எந்த இசையமைப்பாளரின் கேசட் வாங்கினாலும் இதே கதைதான். ரஹ்மான் அந்த நேரத்தில் வந்தார், பழி அவர் தலையில் விழுந்தது.

அடுத்து, ஸ்பீக்கர். எங்கள் ஹாஸ்டல் அறையில் ஒரே ஒரு டேப் ரெக்கார்டர், ஒற்றை ஸ்பீக்கர். அதில் பாடகர் குரலும் டிரம்ஸின் ஓட்டைச் சத்தமும் வரும். கீத் பீட்டர்ஸின் பேஸ் கிட்டார் அடியில் தனியாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு நடப்பது அதில் எங்கே கேட்கும்? ஸ்ரீதர் போன்ற ஒலிப்பொறியாளர் உட்கார்ந்து உட்கார்ந்து கலந்த கலவையில் பாதி அந்தப் பெட்டிக்குள்ளேயே செத்துவிடும். பிறகொரு நாள் பக்கத்து அறை நண்பனிடம் வாக்மேன் இரவல் கிடைத்தது. "டேய், கேக்கக் கேக்க என்னமோ புதுசு புதுசா வருதுடா!" என்று நான்தான் கத்தினேன். பாட்டில் முதல் நாளிலிருந்தே இருந்தது அது. எனக்கு அன்றுதான் காதுக்கு எட்டியது.

எண்ணிக்கைக்கு என்று ஒரு மகிமை இருக்கிறது, மறுக்கவில்லை. ராபர்ட் ஸயான்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1968இல் இதைச் சோதித்து எழுதினார். அர்த்தமில்லாத சொற்களை ஆட்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார், அடிக்கடி பார்த்த சொல்லையே நல்ல சொல் என்றார்கள். அப்படியானால் திரும்பத் திரும்பக் கேட்டுப் பிடிப்பதில் ரஹ்மானுக்கு என்ன பெருமை? பக்கத்து வீட்டு மாவு மெஷின் சத்தமும் பழகிவிடும். ரஹ்மானின் 'பரசுராம்' பாடல்களை நூறு தடவை கேட்டாலும் அது 'இருவர்' ஆகிவிடாது.

'இருவர்' ஆல்பத்தைத்தான் இந்தக் கட்சிக்காரர்கள் எப்போதும் சாட்சிக்கு இழுப்பார்கள். முதலில் எடுபடவில்லை, போகப் போகக் கொண்டாடினார்கள், ஆகவே ஸ்லோ பாய்சன். நடந்தது வேறு. 1996இல் 'காதல் தேசம்' வந்து கல்லூரிகளெல்லாம் முஸ்தபா பாடிக்கொண்டிருந்தன. அந்தக் காதோடு போய் 'இருவர்' கேசட்டைப் போட்டோம். 'நறுமுகையே'யில் சங்கத் தமிழ் வாடை. 'ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி' ஜாஸ். மனோ பாடிய 'ஆயிரத்தில் நான் ஒருவன்' பழைய கொள்கைப் பாட்டின் தோரணையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருகிறது. நடுவே அரவிந்த்சாமி மெட்டே இல்லாமல் கவிதை படிக்கிறார். நான் கேசட்டை ஓரமாக வைத்துவிட்டேன்.

1997 பொங்கலுக்குப் படம் பார்த்த பிறகு எல்லாம் துலங்கியது. கதை நாற்பதுகளில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஓடுகிறது. ஒவ்வொரு பாட்டும் அது நிற்கும் காலத்தின் உடையைப் போட்டிருக்கிறது. ஸ்டுடியோ தளத்தில் வாளும் கிரீடமுமாக எடுத்த படங்களுக்கு ஒரு சத்தம், கோட்டு சூட்டு வந்த பிறகு ஒரு சத்தம், மேடைத்தமிழுக்கு ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து அதே கேசட்டைப் போட்டேன். அது எனக்கு இரண்டாம் தடவையோ மூன்றாம் தடவையோதான், பத்தாவது இல்லை. சாவி படத்தில் இருந்தது. பத்துத் தடவை கேட்டுத்தான் திறந்தது என்பவர்கள் பூட்டை ஆட்டி ஆட்டித் திறந்தவர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தப் பேச்சின் மறுபாதி இன்னும் மோசம். "இளையராஜா பாட்டு கேட்ட உடனே பிடிச்சிடும்." கேட்க மரியாதையாக இருக்கிறது. ஆனால் உடனே பிடித்ததால் உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை என்பது அதற்குள் ஒளிந்திருக்கிறது. 'சிந்து பைரவி'யில் யேசுதாஸ் பாடிய 'கலைவாணியே'யை எத்தனை பேர் குளியலறையில் பாடியிருக்கிறோம்! கல்யாணி ராகத்தின் ஆரோகணத்தை மட்டும் வைத்துக் கட்டியது அது. ஸ்வரம் ஏறுமே தவிர இறங்காது. இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆனது. பாட்டு பிடிப்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். ஒரு ஆல்பம் சரியில்லை என்று வாய் திறந்தால் "எத்தனை தடவை கேட்டீங்க?" என்பார்கள். எட்டு என்றால் பத்துக் கேட்கச் சொல்வார்கள், பத்து என்றால் இருபது. தோற்கவே முடியாத வாதம் இது. நன்றாக இல்லாததை நன்றாக இல்லை என்று சொல்ல முடியாத ஊரில், நன்றாக இருப்பதைச் சொன்னால் மட்டும் என்ன மதிப்பு?

போன மாதம் அக்கா மகன் வந்திருந்தான், கல்லூரியில் முதலாண்டு. "மாமா, ரஹ்மானோட பழைய பாட்டெல்லாம் எத்தனை தடவை கேட்டா புடிக்கும்?" என்றான். அவனையும் பிடித்துவிட்டிருக்கிறது வியாதி. பதில் சொல்லவில்லை. 1993இல் வந்த 'திருடா திருடா'விலிருந்து ஷாகுல் ஹமீது பாடிய 'ராசாத்தி'யைப் போட்டு, ஹெட்போனை அவன் காதில் மாட்டினேன். "பாடுறவரை விட்டுடு. பின்னாடி என்ன நடக்குதுன்னு மட்டும் கேளு" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டான். பாட்டு பாதிகூடப் போயிருக்காது, ஹெட்போனைக் கழற்றிவிட்டான்.

"மாமா, இதுல வாத்தியமே இல்லையே! எல்லாம் குரல்தானா?"