தொட்டி மண்ணும் மூச்சு விட வேண்டும்!

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் கொட்டி ஓய்ந்திருக்கும். மூன்றாம் நாள் வெயில் வந்ததும் மாடிக்குப் போய்ப் பார்த்தால், ஆடியில் விதைத்து, பூவும் பிஞ்சுமாக நின்ற தக்காளிச் செடி தலை தொங்கிக் கிடக்கும். ‘வெயில் தாங்கலை போல’ என்று வீட்டில் யாராவது ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவார்கள். மறுநாள் இன்னும் வாடும். இன்னொரு செம்பு. நான்காம் நாள் செடியைப் பிடுங்கினால் வேர் பழுப்பேறி, வழவழவென்று உரிந்து வரும். பையின் அடிமண்ணில் சாக்கடை வாடை அடிக்கும்.

அந்தச் செடிக்குத் தண்ணீர் நிறையவே கிடைத்தது. காற்றுதான் கிடைக்கவில்லை.

வேருக்கும் ஆக்சிஜன் வேண்டும். மண்துகள்களுக்கு இடையே இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில் உள்ள காற்றிலிருந்துதான் அது கிடைக்கிறது. அந்த இடைவெளிகளைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேருக்குத் திண்டாட்டம்தான். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். மூச்சு முட்டிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஈர மண்ணில் நிற்கும் செடி வாடுவது அதனால்தான்.

இயற்கை உரம் போட்டு வளர்ப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தொழுவுரத்தையும் பிண்ணாக்கையும் செடி நேரடியாகச் சாப்பிடுவதில்லை. நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்துத் தந்தால்தான் சத்து வேருக்குப் போய்ச் சேரும். அந்த நுண்ணுயிர்களுக்கும் ஆக்சிஜன் வேண்டும். ஒரே பைக்குள் இருவருக்கும் போட்டி. போதாததற்கு, உரம் மட்க மட்கப் பொடியாகி, இருக்கிற இடைவெளியையும் அடைக்கும். ‘சத்துப் பற்றவில்லை’ என்று மேலும் மேலும் உரம் வைக்கப்படும் பல தொட்டிகளில் உண்மையான குறை காற்றுதான்.

கோகோபீட் மட்டும் போதாதா?

மாடித் தோட்டம் என்றாலே கோகோபீட் என்றாகிவிட்டது. எடை குறைவு, எளிதில் கிடைக்கிறது. நல்ல பொருள்தான். ஆனால், அதன் முக்கிய வேலை நீரைப் பிடித்து வைப்பது. தன் எடையைப் போல ஏழெட்டு மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும். பொடியான கோகோபீட்டும் பொடியான மண்புழு உரமும் சேர்ந்த கலவை கைக்கு மெத்தென்று இருக்கும். மழையில் நனைந்தால் ஊறிய பஞ்சுபோல அமுங்கிவிடும்.

காற்றுக்கு இடம்விட, நசுங்காத, சீக்கிரம் மட்காத, சற்றுப் பெரிய துகள்கள் வேண்டும். கலவையின் மொத்த அளவில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இவை இருக்கலாம்.

பையின் அடியில் கூழாங்கல் பரப்பினால் போதும் என்று பலர் நினைப்பதுண்டு. பொடி மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குள் நீர் எளிதில் இறங்காது. கல்லுக்கு மேலேயே தேங்கி நிற்கும். வேருக்குக் கிடைக்கும் இடம்தான் குறையும். அதே கல்லைக் கலவை முழுவதும் கலந்தால் பலன் உண்டு.

எதைச் சேர்க்கலாம்?

உமி: நம் ஊருக்கு மிகச் சுலபமானது இதுதான். இதில் சிலிக்கா அதிகம் என்பதால் சீக்கிரம் மட்காது. ஓராண்டுக்குக் குறையாமல் தாக்குப்பிடிக்கும். புழுங்கல் அரிசி ஆலையில் வாங்குவது நல்லது. அங்கே நெல்லை அவித்த பிறகே அரைப்பதால், தப்பிய நெல் முளைக்காது. பச்சரிசி ஆலை உமி என்றால், நனைத்து நான்கைந்து நாள் வைத்து, முளைப்பதை முளைக்கவிட்டு வெயிலில் காயப்போட்டு எடுக்கலாம். எந்த உமியையும் ஓரிரவு நீரில் ஊறவைத்துக் கலந்தால் மிதந்து மேலே வராது, தூசியும் பறக்காது.

கருக்கிய உமி: கறுப்பாக, உமியின் வடிவம் மாறாமல் இருக்க வேண்டும். இருமுறை தண்ணீரில் அலசிச் சேர்க்கலாம். சாம்பல் நிறப் பொடியாகிவிட்டது என்றால் வேண்டாம். அது இடைவெளியை அடைக்கும், காரத்தன்மையையும் கூட்டும்.

செங்கல் சில்லு: பழைய செங்கலைக் கடலைப்பருப்பு முதல் கொண்டைக்கடலை அளவுக்கு உடைக்கவும். சல்லடையில் சலித்துத் தூளை ஒதுக்கவும். தூள் சேர்ந்தால் வந்த வேலையே கெட்டுவிடும். ஒரு நாள் நீரில் ஊறவைத்துப் பயன்படுத்தலாம். சிமென்ட் ஒட்டியிருக்கும் துண்டுகளைத் தவிர்க்கவும். எடை அதிகம் என்பதால் அளவோடு சேர்ப்பது மாடிக்கு நல்லது.

அடுப்புக் கரி: கடலை அளவு துண்டுகளாக உடைத்து, சாணக் கரைசலிலோ மண்புழு உரம் கரைத்த நீரிலோ ஒரு வாரம் ஊறவைக்கவும். வெறும் கரியாகப் போட்டால் தொடக்கத்தில் மண்ணின் சத்தை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும்.

பெர்லைட்: எரிமலைக் கண்ணாடிப் பாறையைச் சூடாக்கிப் பொரியவைத்த வெள்ளைத் துகள். மிக இலேசானது, மட்காது. விலைதான் கூடுதல். தூசி மூச்சில் ஏறாதபடி, பையைத் திறந்ததும் தண்ணீர் தெளித்துவிட்டுக் கையாளவும். இதோடு விற்கப்படும் வெர்மிகுலைட் நீரைப் பிடித்து வைக்கும், நாளடைவில் அமுங்கும். விதை முளைக்கவைக்க அது சரி, காற்றுக்கு பெர்லைட்தான்.

வேர்க்கடலைத் தோல், மரத்தூள் போன்றவற்றை மட்கவைக்காமல் கலக்க வேண்டாம். அவை மட்கும்போது செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும். பொடி மணலும், தூள் நிறைந்த எம்-சாண்டும் எடையைக் கூட்டுமே தவிர, காற்றைக் கூட்டாது. தெர்மாகோல் நாளடைவில் உடைந்து பிளாஸ்டிக் துகளாக மண்ணில் தங்கிவிடும். இயற்கைத் தோட்டத்தில் அதற்கு இடமில்லை.

கலக்கும் முறை

ஒரே டப்பாவால் அளக்கவும். கழுவிய கோகோபீட் 3, மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ 3, செம்மண் 1, ஊறிய உமி 2, செங்கல் சில்லு அல்லது பெர்லைட் 1. கையால் அமுக்காமல் பையில் கொட்டி, பையை இரண்டு தட்டுத் தட்டினால் போதும்.

கோகோபீட்டில் உப்பு இருக்கலாம். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்து வடிக்கவும். நீரின் நிறம் வெளுத்துவிட்டால் உப்புப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. வீட்டில் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால், வடியும் நீரின் அளவு ஊற்றிய நீரின் அளவை நெருங்கும்வரை கழுவலாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை

செடி நடும் முன், ஒரு லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் துளைகள் போட்டு டேப் ஒட்டவும். ஈரக் கலவையை விளிம்புவரை நிரப்பி, மேலே நீர் பளபளக்கும்வரை மெதுவாக ஊற்றவும். அரை மணி நேரம் கழித்து, நீர் இறங்கியிருந்தால் மறுபடி ஊற்றவும். பிறகு ஒரு கிண்ணத்தின் மேல் வைத்து டேப்பை எடுக்கவும். ஒரு மணி நேரத்தில் வடிந்த நீரை அளக்கவும். நீர் வெளியேறிய இடத்தில் இப்போது காற்று இருக்கிறது.

150 முதல் 250 மில்லி வந்தால் நல்ல கலவை. 100 மில்லிக்குக் கீழே என்றால் இன்னும் உமியோ சில்லோ சேர்க்க வேண்டும். 300 மில்லிக்கு மேல் போனால் சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு இருமுறை நீர் ஊற்ற நேரிடும். கோகோபீட்டைச் சற்றுக் கூட்டலாம்.

ஏற்கெனவே வாடும் செடிக்கு...

விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்க்கவும். ஈரம் இருந்தால் செம்பைக் கீழே வைத்துவிடவும். பையைச் செங்கல் மேல் ஏற்றி, அடிப்பக்கத்தில் ஓரமாக நான்கைந்து துளைகள் போட்டு, சில மணி நேரம் சாய்த்து வைக்கவும். சாய்க்கும்போது தேங்கிய நீர் இன்னும் கொஞ்சம் வடியும். வெயில் நேரத்தில் செடிக்கு நிழல் கொடுக்கவும். புதுத் துளிர் வரும்வரை உரம் வேண்டாம். வெள்ளை வேர் மிச்சமிருந்தால் செடி பிழைத்துக்கொள்ளும்.

அறுவடை முடிந்த பையை அப்படியே அடுத்த விதைக்குக் கொடுத்துவிடாமல், கொட்டிக் கிளறி, பழைய வேரை எடுத்துவிட்டு, ஒரு டப்பா புது உமி சேர்த்து நிரப்பவும். உரம் வைப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. ஆடிப்பட்டத்துக்குப் பை நிரப்பும்போதே செய்துவிட்டால், ஐப்பசி மழைக்குப் பிறகும் செடி தலைநிமிர்ந்து நிற்கும்!