காப்புறுதி கைவிரித்தால் எந்தக் கதவைத் தட்டுவது?

ஜும்ஆ முடிந்ததும் சத்திரசிகிச்சைக்கு உதவி கேட்டுப் பள்ளிவாசலில் நிற்போரைக் காணும்போதெல்லாம் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது: உங்களுக்கு ஈ.ரி.எப். இருக்கிறதா?

தனியார் காப்புறுதியில் 'ஏற்கெனவே இருந்த நோய்' என்ற ஒரு வரி போதும், கோரிக்கையை நிராகரித்துவிடுவார்கள். எந்த நிபந்தனையின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். காரணம் பொருந்தாவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். விலக்குத் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் அங்கே காலத்தைக் கழிப்பதில் பலனில்லை என்பதே என் கருத்து.

கலவான தோட்டங்களில் எத்தனை பேரிடம் அப்படியொரு பத்திரம் இருக்கும்? ஆனால் 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி, தொழில் தருநர் சம்பளத்தில் 3 சதவீதத்துக்குச் சமமான தொகையைத் தன் கையிலிருந்து ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குச் செலுத்த வேண்டும். வேலையை விட்ட பின் எடுக்கும் பணம் என்றே பலர் நினைக்கிறார்கள். தொழிலில் இருக்கும் அங்கத்தவரின் இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண் வில்லை ஆகியவற்றுக்கும் அந்நிதியம் உதவுகிறது. கடைகளில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கும் இது உரியது. முதலாளி கட்டுகிறாரா என்பது வேறு கதை. அந்த முதலாளிகளில் நம்மவர்களும் உண்டே!

ஜனாதிபதி நிதியத்துக்கு 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்த உடனேயே போய் விசாரியுங்கள். படிவம் நிரப்பத் தெரிந்த ஓர் இளைஞரைப் பள்ளி நிர்வாகம் இதற்கென நியமித்தால், வசூலை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.